சிறு நகரத்தில் அடல்ட் கடை: லீஸில் கையெழுத்துப் போடும் முன் முடிக்க வேண்டிய ஜோனிங், லைசென்ஸ் வேலைகள்

அமெரிக்காவில் சிறு நகரம் ஒன்றில் வயது வந்தோருக்கான பொருள் விற்கும் கடையோ நடனக் கிளப்போ தொடங்கப் போகிறவர்களுக்காக எழுதியது இது. அப்படி எதையும் தொடங்கும் எண்ணமே இல்லாமல் மோட்டல், உள்ளாடைக் கடை, ஸ்மோக் ஷாப், பார் என்று நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலை விலைக்கு வாங்குகிறவர்களும் முதல் பகுதியையாவது படித்துவிடுங்கள். உங்கள் மனதில் அது மோட்டலாக இருக்கலாம். நகரச் சட்டத்தின் கணக்கில் அது ‘அடல்ட் பிசினஸ்’ என்று பதிவாகியிருக்கலாம்.

இந்தத் தொழிலில் பணம் கரைவது லைசென்ஸ் கட்டணத்தில் அல்ல, வாடகையில்தான். லீஸ் எழுதி, உள்வேலை முடித்து, கடைசியாக லைசென்ஸ் கேட்கப் போகும்போது “இந்த இடத்தில் முடியாது” என்று பதில் வந்தால், மிச்சமுள்ள லீஸ் காலம் முழுவதற்கும் நீங்கள்தான் வாடகைக்குப் பொறுப்பு. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். இங்கே வரும் எண்கள் பல ஊர்களின் சட்டங்களில் காணப்படுபவை; உங்கள் ஊர்ச் சட்டத்தில் இருப்பதே இறுதி.

1. உங்கள் தொழில் எந்த வரையறைக்குள் விழுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான நகரங்களின் சட்டத்தொகுப்பு முனிகோட், ஈகோட்360, அமெரிக்கன் லீகல் பப்ளிஷிங் ஆகிய தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். ‘அடல்ட்’, ‘செக்ஷுவலி ஓரியன்டட் பிசினஸ்’ என்ற இரண்டு சொற்களையும் போட்டுத் தேடுங்கள். ஜோனிங் (எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று ஊர் வகுக்கும் விதி) அத்தியாயத்தில் ஒரு வரையறை இருக்கும், பிசினஸ் லைசென்ஸ் அத்தியாயத்தில் இன்னொன்று இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜோனிங் பிரிவு உங்களைச் சாதாரணச் சில்லறைக் கடை என்று விட்டுவிட்டு, லைசென்ஸ் பிரிவு அடல்ட் கடை என்று பிடித்துக்கொள்வது உண்டு.

தளத்தில் இருப்பது போன வருடத்துச் சட்டமாகவும் இருக்கலாம். சிறு ஊர்கள் புதிய ஆர்டினன்ஸ்களை (ஊர்ச் சட்டங்களை) தொகுப்பில் ஏற்ற மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். சிட்டி கிளார்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பி, இன்னும் தொகுப்பில் ஏறாத ஆர்டினன்ஸ்கள் எவை, விவாதத்தில் இருக்கும் திருத்தங்கள் எவை என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைத் தவறவிட்டால் கீழே உள்ள எல்லா வேலையும் வீணாகிவிடும்.

சில்லறைக் கடைக்கு வரையறை பெரும்பாலும் ‘கணிசமான பகுதி’ என்ற சொல்லைச் சுற்றியே இருக்கும். சரக்கில் கணிசமான பகுதி, தளப்பரப்பில் கணிசமான பகுதி, வருமானத்தில் கணிசமான பகுதி: இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று சட்டம் சொல்லலாம். சில ஊர்கள் சதவீதத்தையே எழுதிவைக்கும். நியூயார்க் நகரத்தில் 40 சதவீதம் என்ற அளவு பல ஆண்டுகள் வழக்காடப்பட்டதால் ‘60/40’ (அடல்ட் அல்லாதது 60, அடல்ட் 40) என்றே பேச்சில் நிலைத்துவிட்டது. சதவீதம் இருந்தால் அதை எதை வைத்து எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். பொருட்களின் எண்ணிக்கையா, விலை மதிப்பா, அலமாரி நீளமா? பின்னறையில் இருக்கும் சரக்கும் சேருமா? அந்த அளவுக்குக் கீழே இருப்பதே உங்கள் திட்டம் என்றால், மாதம் ஒருமுறை சரக்குப் பட்டியலையும் அளவு குறித்த தள வரைபடத்தையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நாளை இன்ஸ்பெக்டர் கேட்கும்போது அதுதான் உங்கள் ஆதாரம்.

மோட்டல் வாங்குகிறவர்கள் மணிக்கணக்கைப் பார்க்க வேண்டும். 10 மணி நேரத்துக்குக் குறைவாக அறையை வாடகைக்கு விட்டாலோ, ஒரே அறையை 10 மணி நேரத்துக்குள் இரண்டு முறை விட்டாலோ ‘அடல்ட் மோட்டல்’ என்று பல ஊர்ச் சட்டங்கள் சொல்கின்றன. டல்லஸ் நகரத்தின் 10 மணி நேர விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990-இல் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. பழைய முதலாளி வெளியே மாட்டிவைத்த ‘3 மணி நேரக் கட்டணம்’ போர்டு அன்றைக்கே இறங்க வேண்டும். புக்கிங் மென்பொருளிலும் குறைந்தபட்ச நேரத்தை மாற்றுங்கள், ஏனென்றால் புகார் வந்தால் அந்தப் பதிவுகளைத்தான் முதலில் கேட்பார்கள்.

உள்ளாடை விற்பதால் மட்டும் பிரச்சினை வராது. அதை அணிந்து காட்ட மாடல் வைத்தால் வேறு வகைக்குள் போய்விடுவீர்கள். மசாஜ் தொழிலுக்குப் பொதுவாகத் தனி லைசென்ஸ் உண்டு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. தூரத்தை அளந்து பாருங்கள்

அனுமதிக்கப்பட்ட ஜோன் எது என்பது முதல் வடிகட்டி. சிறு ஊர்களில் அது பெரும்பாலும் தொழிற்சாலைப் பகுதியாகவோ நெடுஞ்சாலை வணிகப் பகுதியாகவோ இருக்கும். இரண்டாவது வடிகட்டி தூரம்: பள்ளி, வழிபாட்டிடம், பூங்கா, டே கேர், நூலகம், குடியிருப்பு ஜோன், இன்னொரு அடல்ட் கடை ஆகியவற்றிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது. நியூ ஜெர்சி, மிசௌரி மாநிலச் சட்டங்களில் இது 1,000 அடி. மாநிலச் சட்டம் ஒன்று, ஊர்ச் சட்டம் ஒன்று என்று இரண்டும் இருந்தால் கடுமையானதைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டியிருக்கும்.

1,000 அடி என்றால் கேட்பதற்குச் சிறிதாகத் தெரியும். ஒரு தேவாலயத்தை மையமாக வைத்து 1,000 அடிக்கு வட்டம் போட்டால் ஏறக்குறைய 72 ஏக்கர் அடிபட்டுப் போகும். ஒரு சதுர மைல் 640 ஏக்கர்தான். கடைத்தெருவில் நான்கு தேவாலயம், இரண்டு பள்ளி உள்ள ஊரில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்ற வரியைச் சட்டத்தில் தேடிப் பிடியுங்கள். மனை எல்லையிலிருந்து மனை எல்லைக்கா, கட்டடச் சுவரிலிருந்து மனை எல்லைக்கா, வாசலிலிருந்து வாசலுக்கா என்பதைப் பொறுத்து நூற்றுக்கணக்கான அடி மாறும். பெரும்பாலும் நேர்கோட்டில்தான் அளப்பார்கள். நடுவில் நெடுஞ்சாலையோ ஆறோ இருந்தாலும் சலுகை கிடையாது. வணிக வளாகத்தில் ஒரு கடை எடுக்கிறீர்கள் என்றால் இதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் கடை வளாகத்தின் மூலையில் இருந்தாலும், வளாகம் முழுவதும் ஒரே மனையாகப் பதிவாகியிருந்தால் அளவு வளாகத்தின் எல்லையிலிருந்து தொடங்கலாம்.

கவுன்டியின் ஜி.ஐ.எஸ். வரைபடத்தில் (மனை எல்லைகளைக் காட்டும் இணைய வரைபடம்) முதல் வடிகட்டலைச் செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. ஆனால் அதில் காட்டாத இடங்கள் உண்டு: வீட்டிலேயே நடக்கும் உரிமம் பெற்ற டே கேர், கடைக்கட்டடத்தில் வாடகைக்கு இயங்கும் சிறு தேவாலயம், ஊர் எல்லைக்கு அப்பால் பக்கத்து ஊரில் இருக்கும் பள்ளி. டே கேர் பட்டியல் மாநில உரிமத் துறையின் தளத்தில் கிடைக்கும். மற்றவற்றுக்குக் காரை நிறுத்திவிட்டு நடந்துதான் பார்க்க வேண்டும். இடம் தேறும் என்று தெரிந்த பிறகு உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளவைச் சான்றிதழ் எடுங்கள். விண்ணப்பத்தோடு எப்படியும் அதைப் பல ஊர்கள் கேட்கும்.

ஜோனே ஒதுக்கவில்லை, ஊரில் இடமே கிடையாது என்று பதில் வந்தால் அது முடிவல்ல. நியூ ஜெர்சியின் மவுன்ட் எஃப்ரைம் என்ற சிறு ஊர் நேரடி நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஊர் முழுக்கத் தடுத்ததை உச்ச நீதிமன்றம் 1981-இல் செல்லாது என்றது. 1986-இல் வாஷிங்டன் மாநிலத்து ரென்டன் வழக்கில் 1,000 அடி விதி நிலைத்தது. அங்கே 520 ஏக்கர், அதாவது ஊரின் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல், திறந்திருந்தது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆக, ஊர் ஒதுக்கிக் கட்டுப்படுத்தலாம், வாய்ப்பே இல்லாமல் அடைக்கக்கூடாது. இந்தப் பாதுகாப்பு புத்தகம், படம், நடனம் போன்ற வெளிப்பாட்டுக்கு உரியது. வெறும் பொம்மைகளும் கருவிகளும் விற்கும் கடைக்கு இதே வாதம் அவ்வளவு வலுவாக நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

3. ஜோனிங் பதிலை எழுத்தில் வாங்குங்கள்

கவுன்டரில் இருப்பவர் “பிரச்சினை இருக்காது” என்று சொன்னதை நம்பி யாரும் பணம் கட்டக்கூடாது. வாய்ப்பேச்சு நகரத்தைக் கட்டுப்படுத்தாது. ‘ஜோனிங் வெரிஃபிகேஷன் லெட்டர்’ என்று கேட்டு விண்ணப்பியுங்கள். அதில் மனை எண், என்ன தொழில், சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அனுமதி என்ற மூன்றும் இருக்க வேண்டும். தொழிலை ‘சில்லறை விற்பனை’ என்று மழுப்பி எழுதிக் கடிதம் வாங்குவது பெரிய தவறு. உண்மை தெரியவரும் நாளில் அந்தக் கடிதம் பயன்படாது, பொய்த் தகவல் தந்ததாக லைசென்ஸும் போகும்.

உங்கள் தொழிலுக்கு நேரடி அனுமதியா, கண்டிஷனல் யூஸ் பெர்மிட் வேண்டுமா என்பதையும் கடிதத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நேரடி அனுமதி என்றால் அலுவலரே விதிகளைச் சரிபார்த்து முடிப்பார்; அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை என்பது மறுக்கக் காரணம் ஆகாது. பெர்மிட் என்றால் சுற்றியுள்ள மனைக்காரர்களுக்கு நோட்டீஸ், பிளானிங் கமிஷன் முன் பொது விசாரணை எல்லாம் உண்டு. சிறு ஊரில் கமிஷன் மாதம் ஒருமுறைதான் கூடும். ஒரு கூட்டம் தள்ளிப்போனால் ஒரு மாத வாடகை.

4. ‘பழைய கடை ஏற்கனவே நடந்ததுதானே’ என்று வாங்காதீர்கள்

விற்பவர் சொல்லும் ‘கிராண்ட்ஃபாதர்’ உரிமை, அதாவது சட்டம் வருவதற்கு முன்பே இருந்ததால் கிடைத்த விலக்கு, மனையோடு போகும். லைசென்ஸ் ஆளோடு போகும். பெரும்பாலான ஊர்களில் லைசென்ஸைக் கைமாற்ற முடியாது; நிறுவனப் பங்குகளில் குறிப்பிட்ட அளவு கை மாறினாலே புது லைசென்ஸ் கேட்பார்கள். இடையில் கடை 6 மாதமோ ஒரு வருடமோ மூடிக் கிடந்தால் அந்த விலக்கும் போய்விடும். அதன்பின் பக்கத்தில் வந்த டே கேர் உங்களைத் தடுத்துவிடும். சில ஊர்கள் பழைய கடைகளுக்குக் கெடு வைத்து, அதற்குள் இடம் மாறச் சொல்லும் விதியும் வைத்திருக்கும்.

வாங்கும் முன் பொதுப் பதிவுச் சட்டத்தின்படி அந்த முகவரியின் கோப்பைக் கேளுங்கள்: லைசென்ஸ் புதுப்பிப்புகள், இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகள், போலீஸ் அழைப்புகள், அபராதங்கள், தொல்லை வழக்கு (அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தரும் இடம் என்று போட்ட வழக்கு) ஏதாவது. தொல்லை இடம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த கட்டடம் என்றால் விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

5. லீஸில் சேர்க்க வேண்டிய வரிகள்

லீஸ் எழுதலாம், ஆனால் நிபந்தனையோடு. எல்லா அனுமதியும் கிடைத்த நாளிலிருந்துதான் வாடகை தொடங்கும், குறிப்பிட்ட நாளுக்குள் கிடைக்காவிட்டால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து லீஸ் ரத்தாகும் என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து இடத்தைப் பிடித்துவைக்கும் ஆப்ஷன் ஒப்பந்தம் போடுங்கள். முழு வாடகையைவிட அது எப்போதும் மலிவு.

என்ன தொழில் என்று பயன்பாட்டுப் பிரிவில் வெளிப்படையாக எழுதுங்கள். வளாகத்தின் பதிவு ஆவணங்களில் அடல்ட் தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்று டைட்டில் நிறுவனத்தில் (சொத்துப் பதிவுகளைத் தேடித் தரும் நிறுவனம்) தேடச் சொல்லுங்கள். நகரம் அனுமதித்தாலும் அந்தத் தடை செல்லும். வீட்டுக்காரர் கட்டடத்தின் மேல் வாங்கியிருக்கும் கடன் ஒப்பந்தத்திலும் இப்படித் தடை இருக்கலாம் என்பதால், கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதத்தையும் கேளுங்கள்.

6. நிறுவனம், கடன், விசா

எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பதிவு, கூட்டாட்சி வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் ஈ.ஐ.என். (நிறுவன அடையாள எண்), மாநில விற்பனை வரி எண் ஆகியவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே முடியுங்கள். ஈ.ஐ.என். இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களை ஒதுக்குங்கள்.

எஸ்.பி.ஏ. (கூட்டாட்சி அரசின் சிறுதொழில் நிர்வாகம்) கடனை நம்பித் திட்டம் போடாதீர்கள். காமக் கிளர்ச்சிக்கான நேரடி நிகழ்ச்சி நடத்தும் தொழிலும், அவ்வகைப் பொருள், சேவை, காட்சியிலிருந்து அற்பத்துக்கு மேல் வருமானம் ஈட்டும் தொழிலும் அந்தக் கடனுக்குத் தகுதியற்றவை என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. வங்கிக் கணக்குக்கும் கார்டு இயந்திரத்துக்கும் விண்ணப்பிக்கும்போது தொழிலை உள்ளபடி சொல்லுங்கள். அதிகக் கமிஷன் கேட்பார்கள், சில வங்கிகள் முடியாது என்பார்கள். மறைத்துத் தொடங்கினால் ஒருநாள் பணத்தை நிறுத்திவைத்துக் கணக்கை மூடுவார்கள், அது இன்னும் மோசம்.

எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்கள் கவனமாக இருங்கள். பங்கு வைத்திருப்பது வேறு, கடையை நடத்துவது வேறு. இந்த லைசென்ஸ் விண்ணப்பத்தில் ‘ஆபரேட்டர்’, ‘மேனேஜர்’ என்று கையெழுத்துப் போட்டுக் கைரேகையும் கொடுத்தால், நீங்கள் அங்கே வேலை செய்வதற்கு அதுவே ஆவணமாகிவிடும். முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

7. விண்ணப்பக் கட்டு

சாதாரணமாகக் கேட்கப்படுபவை: நோட்டரி முன் கையெழுத்திட்ட விண்ணப்பம், உரிமையாளர்கள் எல்லாருடைய புகைப்பட அடையாள அட்டை, கைரேகை, நிறுவனப் பதிவுச் சான்று, மாற்றுப் பெயரில் நடத்தினால் அதன் பதிவு, லீஸ் நகல், சர்வேயர் சான்றிதழ், முந்தைய அடல்ட் லைசென்ஸ்களின் விவரம், கடந்த 5 ஆண்டுகளில் குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை உண்டா என்ற உறுதிமொழி, தள வரைபடம். சிறு சதவீதப் பங்கு வைத்திருக்கும் உறவினர் பெயரை விட்டுவிடுவதால் மறுக்கப்படும் விண்ணப்பங்கள் உண்டு. எத்தனை சதவீதத்திலிருந்து பெயர் வர வேண்டும் என்று சட்டத்தில் பாருங்கள்.

தள வரைபடத்துக்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயம் இல்லாத ஊர்கள் நிறைய. அங்கேயும் உள்ளளவுகள் கூடக்குறைய 6 அங்குலத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்ற வரி வழக்கம். மேனேஜர் உட்காரும் இடத்திலிருந்து வாடிக்கையாளர் போகக்கூடிய எல்லா மூலைக்கும் நேர்ப்பார்வை இருக்க வேண்டும். கழிவறை மட்டும் விலக்கு. உயரமான அலமாரி ஒன்று மறைத்தாலும் வரைபடம் திரும்பி வரும். கண்ணாடி, கேமரா வைத்து ஈடுகட்ட விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். தரையிலிருந்து 4 அடி உயரத்தில் 5 ஃபுட்-கேண்டில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பதும் பல சட்டங்களில் வரும். லைட் மீட்டர் ஒன்று வாங்கி நீங்களே முதலில் அளந்துவிடுங்கள்.

நடனக் கிளப் என்றால் மேடை 18 அங்குல உயரம், அறை 600 சதுர அடி, வாடிக்கையாளரிடமிருந்து 6 அடி இடைவெளி என்ற மாதிரி அளவுகள் வரும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி லைசென்ஸ், தனிக் கட்டணம் கேட்கும் ஊர்களும் உண்டு. டெக்சாஸில் 2021 முதலும் ஃப்ளோரிடாவில் 2024 முதலும் இத்தகைய இடங்களில் வேலை செய்ய 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஊழியர்களின் வீட்டு முகவரி பொதுப் பதிவாகி யார் கேட்டாலும் கிடைக்குமா என்பதை விண்ணப்பத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். அவர்களின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. ரகசியம் என்று சட்டம் சொல்லும் ஊரில் அந்தப் பக்கங்களைத் தனி உறையில் ‘ரகசியம்’ என்று குறித்துக் கொடுங்கள்.

கட்டணங்கள் பெரும்பாலும் சட்டத்தொகுப்பில் இருக்காது; கவுன்சில் வருடாவருடம் நிறைவேற்றும் கட்டணப் பட்டியலில் இருக்கும். விண்ணப்பம், பின்னணி விசாரணை, கைரேகை, லைசென்ஸ் எல்லாம் தனித்தனி. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. மாநில வரிகளையும் பாருங்கள்: உதாரணமாக, யூட்டா மாநிலம் நிர்வாணச் சேவை நடக்கும் தொழில்களின் வருமானத்தில் 10 சதவீதம் வாங்குகிறது.

8. கட்டடமும் போர்டும்

கடை வகை மாறினால் புது ஆக்யுபன்சி சான்றிதழ் (கட்டடத்தை அந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்ற சான்று) வேண்டும். முன்பு துணிக்கடையாக இருந்த இடத்தில் அடல்ட் கடை என்றால் கட்டட விதியில் இரண்டும் ஒரே வகை, வேலை குறைவு. மதுவும் நடனமும் உள்ள கிளப் என்றால் ஏ-2 வகை (உண்ண, குடிக்க மக்கள் கூடும் இடம்). சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின்படி அந்த வகைக்கு 100 பேர் கொள்ளளவோ 5,000 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்போ வந்தால் தீயணைப்புத் தெளிப்பான் கட்டாயம். பழைய கட்டடத்தில் அதைப் புதிதாகப் போடுவது மற்ற எல்லாச் செலவையும் மிஞ்சிவிடும். அதனால் கொள்ளளவை முதலிலேயே ஆர்க்கிடெக்டோடு பேசுங்கள். மது விஷயத்தில் மாநில விதி தனி. மிசௌரியில் இத்தகைய இடங்களில் மதுவே கூடாது, நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை திறக்கவும் கூடாது.

போர்டுக்குத் தனி பெர்மிட். நியூ ஜெர்சியில் வெளியே இரண்டு போர்டுதான்: 40 சதுர அடிக்குள் பெயர்ப்பலகை ஒன்று, சிறார்க்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்பு ஒன்று. கூடவே மனையைச் சுற்றி 50 அடி அகல இடைவெளியும், உள்ளே தெரியாதபடி செடியோ வேலியோ வேண்டும்.

9. கெடுவைக் கணக்கில் வைத்துக் கொடுங்கள்

விண்ணப்பத்தைச் சிட்டி ஹாலில் நேரில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலை வாங்குங்கள். நகரம் குறிப்பிட்ட நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். 20 அல்லது 30 நாள் என்று பல சட்டங்களில் இருக்கும். ஆனால் அந்த நாட்கள் விண்ணப்பம் ‘முழுமையானது’ என்று ஏற்கப்பட்ட பிறகே ஓடத் தொடங்கும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், முழுமையா, இல்லையென்றால் எது குறை என்று எழுத்தில் கேளுங்கள். முழு விண்ணப்பம் கொடுத்தவுடன் தற்காலிக லைசென்ஸ் தரும் விதியும் சில ஊர்களில் இருக்கிறது. கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

சட்டமே இல்லாத ஊர்தான் எளிது என்று நினைக்காதீர்கள். உங்கள் விண்ணப்பம் வந்த செய்தி பரவியதும் கவுன்சில் அவசரமாகத் தற்காலிகத் தடை போட்டு, அதற்குள் புதுச் சட்டம் எழுதலாம். எந்தக் கட்டத்தில் உங்கள் உரிமை உறுதியாகிறது என்பது மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் முழுமையான கட்டட பெர்மிட் விண்ணப்பம் கொடுத்த நாளே போதும். பல மாநிலங்களில் பெர்மிட் வாங்கிக் கணிசமான வேலையும் தொடங்கியிருக்க வேண்டும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கான நாட்கள் மிகக் குறைவாக இருக்கும். மறுப்புக் கடிதம் வந்த அன்றே வக்கீலிடம் போக வேண்டும். லைசென்ஸ் முடிவுக்குக் கெடுவே வைக்காத சட்டம் என்றால் அதையும் அவரிடம் காட்டுங்கள். 1990-இல் டல்லஸ் நகரத்தின் லைசென்ஸ் முறை சிக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

பண விஷயத்தில், நேரடி அனுமதி உள்ள இடத்துக்கும் குறைந்தது நான்கு மாதம் கடை திறக்காமல் தாக்குப்பிடிக்கும் தொகையை ஒதுக்குங்கள். விசாரணை தேவைப்படும் இடத்துக்கு அதைப்போல் இரு மடங்கு வையுங்கள்.

10. திறந்த பிறகு

லைசென்ஸ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். காலாவதி ஆகும் நாளுக்கு 30 நாள் முன்பாவது புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும் என்ற விதி வழக்கம். நீங்கள் 60 நாள் முன்பே கொடுங்கள். பக்கத்தில் புதிதாகப் பள்ளி வந்திருக்கும் நிலையில் ஒருநாள் காலாவதியானால்கூட நீங்கள் புது விண்ணப்பதாரர், 1,000 அடி உங்கள்மேல் பாயும்.

படம், வீடியோ, இதழ் விற்பவர்கள் ஒவ்வொரு பொருளிலும் நடித்தவர்களின் வயதுப் பதிவுகள் எங்கே இருக்கின்றன என்ற கூட்டாட்சிச் சட்ட அறிவிப்பு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே அலமாரியில் வையுங்கள். அறிவிப்பு வேண்டிய பொருளை அது இல்லை என்று தெரிந்தே விற்பது குற்றம். மொத்த வியாபாரியிடமிருந்து வரும் பெட்டியைப் பிரிக்கும்போதே ஓர் ஊழியர் சரிபார்த்து, இல்லாதவற்றைத் திருப்பி அனுப்பிப் பதிவேட்டில் எழுதட்டும். வாசலில் வயது சரிபார்க்கும் முறையும் எழுத்தில் இருக்கட்டும். இன்ஸ்பெக்ஷன் நடக்கும் ஒவ்வொரு முறையும் வந்தவர் பெயர், நேரம், சொன்ன குறை ஆகியவற்றைக் குறித்து, அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, லைசென்ஸ் கோப்பிலேயே வையுங்கள். குறையைச் சரிசெய்த தேதியோடு புகைப்படமும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.